இரண்டாண்டுக் கல்லூரி

வணிகவியல் படிக்கிறவனுக்கு இயற்பியல் வகுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் கேட்கலாம். டெபிட், கிரெடிட் போக மிஞ்சிய நேரத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் என்று ஒன்று உண்டு. 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 6 மாணவர்களோடு இது தொடங்கியது. வீட்டிலிருந்தே போய்வந்து, குறைந்த கட்டணத்தில் இரண்டு வருடம் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கலாம். பிறகு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேரலாம். இன்று அதே மாதிரிக் கல்லூரிகளில் வெல்டிங்கும் கற்றுத் தருகிறார்கள்.

நமக்கு இது புதிதா? இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் 'இரண்டாம் நிலைக் கல்லூரிகள்' இருந்தன. மெட்ரிகுலேஷன் முடித்தவர் அங்கே இரண்டு வருடம் எஃப்.ஏ. படித்துவிட்டு, பெரிய கல்லூரிக்குப் போய் பி.ஏ. முடிப்பார். நம் பக்கத்திலும் ஒன்று இருந்தது. சாயர்புரத்தில் ஜி.யு.போப் தொடங்கிய செமினரி 1880-களில் தூத்துக்குடிக்கு மாறி, கால்டுவெல் கல்லூரி ஆனது. ஆனால் நீண்ட நாள் நிலைக்கவில்லை.

எஃப்.ஏ. என்ற அந்தக் கதவு எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறக்கவில்லை. சர் சி.வி.ராமன் விசாகப்பட்டினம் ஏ.வி.என். கல்லூரியில் எஃப்.ஏ. தேறி, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தார். 1904-ல் பி.ஏ.வில் முதலிடமும் இயற்பியலில் தங்கப் பதக்கமும் பெற்றார். அதே 1904-ல் கும்பகோணத்தில் எஃப்.ஏ. சேர்ந்த ராமானுஜனோ, கணிதம் தவிர மற்ற பாடங்களில் தோற்றார். பிறகு பச்சையப்பனிலும் தேறவில்லை. 1916-ல் கேம்பிரிட்ஜ்தான் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

எஃப்.ஏ. பின்னால் இண்டர்மீடியட் ஆனது. கணிதம், இயற்பியல், வேதியியல் சேர்ந்த பிரிவை நம் தாத்தா காலத்தவர்கள் படித்தது அதில்தான். 1956-ல் அது ஒரு வருட பி.யு.சி.யாகச் சுருங்கியது. 1978-ல் பிளஸ் டூ வந்ததும் அந்தப் படிப்பு கல்லூரியை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

இன்னொரு பக்கம் கைத்தொழில். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு, எங்கள் நாசரேத்தில் கனோன் மர்காஷிஸ் ஐயர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக 1878-ல் தொழிற்பள்ளி தொடங்கினார். பஞ்சத்தில் பெற்றவரை இழந்த பிள்ளைக்கு முதலில் தேவைப்பட்டது சோறு, அடுத்து ஒரு தொழில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் தொழில் கற்ற பையனும் எஃப்.ஏ. படித்த பையனும் ஒரே வகுப்பில் உட்காரவே இல்லை. 1995-ல் புதுச்சேரியில் சமுதாயக் கல்லூரி வந்தது. 2013-ல் யு.ஜி.சி. நாடு முழுவதற்கும் ஒரு திட்டம் கொண்டுவந்தது. இவற்றிலும் வேலைக்கான பயிற்சிதான் முக்கியம். இயற்பியல் ஆய்வகத்துக்கு அங்கே இடமில்லை. பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது ஒன்றுதான் நம்மிடம் மிச்சமிருக்கும் பெரிய பாலம்.

அமெரிக்கர்கள் நம்மைவிட அதிகமாக இயற்பியலைக் கண்டுபிடித்ததால் அந்தக் கல்லூரிகள் உருவாகவில்லை. பக்கத்து ஊர்ப் பையன் தச்சனாகவும் ஆகலாம், விஞ்ஞானியாகவும் ஆகலாம், அதைப் பதினேழு வயதிலேயே முடிவு செய்ய வேண்டாம் என்று நினைத்ததால் உருவாயின. நம்மிடம் கல்லூரியும் இருந்தது, தொழிற்பள்ளியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு வைக்கத்தான் மறந்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் பி.யு.சி. படித்த பெரியவர் யாராவது இருந்தால், அந்த ஒரு வருடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.