பிரித்த திறனும் முழு வேலையும்: கொத்தனார் சான்றிதழை முன்வைத்து

ஒருவர் எங்கே, எத்தனை ஆண்டு படித்தார் என்று கேளாமல், அவரால் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சான்றளிக்க வந்தவை திறன் மாதிரிகள். இந்தியாவில் 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பும் இந்த நோக்கத்தையே ஏற்றது. வேலையிடத்திலேயே தொழில் கற்றவர்கள் மிகுந்த நாட்டில் இது சமூகநீதி சார்ந்த முடிவும்கூட. ஆயினும் திறன்களை வரையறுப்பதில் காட்டும் அக்கறையைச் சோதிப்பதிலும் காட்டினால்தான் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1973இல் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கப்புள்ளிகளுள் ஒன்று. நுண்ணறிவுத் தேர்வுகளை விமர்சித்த அவர், ஒருவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்றறிய அவரை ஓட்டச் சொல்லிப் பார்ப்பதே முறை என்றார். செய்யும் வேலையிலிருந்தே சோதனையை எடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பின்வந்த மாதிரிகள் பலவற்றில் பட்டியல் வளர்ந்தது, சோதனை பின்தங்கியது.

இந்திய முறையில் ஒவ்வொரு பணிக்கும் ஒரு தகுதித் தொகுப்பு உண்டு. அது பல தொழில் தரநிலைகளாகவும், ஒவ்வொரு தரநிலையும் பல செயல் அளவுகோல்களாகவும் பிரிகிறது. அவற்றின்மீதே மதிப்பெண் பங்கிடப்படுகிறது. ஒரு கொத்தனார் செங்கல்லை நனைக்கிறார், கலவை போடுகிறார், மூலை கட்டி நூல் பிடிக்கிறார், வரிக்கு வரி தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கிறார். இவை தனித்தனி வரிகளாகப் பட்டியலில் ஏறலாம். ஆனால் ஒரு லோடு கல் அளவு பிசகி வந்தால் மூட்டுக் கலவையை எங்கே கூட்டி எங்கே குறைத்து மட்டத்தைக் காப்பது என்ற தீர்மானம் எந்த ஒரு வரிக்குள்ளும் அடங்காது. தூக்கு தவறிய சுவருக்குப் பிற அளவுகோல்களின் மதிப்பெண் ஈடாகவும் முடியாது.

பிரிட்டனின் அனுபவம் இதற்கு எச்சரிக்கை. 1986இல் தொடங்கிய தேசியத் தொழில் தகுதிகள், எவரும் ஒரே பொருள் கொள்ளும்படி திறனை எழுதிவிட முடியும் என்று நம்பின. தெளிவு போதவில்லை எனத் தோன்றும்போதெல்லாம் விவரம் கூடியது. கூடிய விவரம் மேலும் விளக்கம் கேட்டது. ஆய்வாளர் அலிசன் வுல்ஃப் 1990களில் இதைக் கடுமையாக விமர்சித்தார். மதிப்பிடுவோர் கூடிப் பேசி உருவாக்கும் பொதுப் புரிதலே தரத்தைத் தாங்குகிறது. எழுத்து அதற்குத் துணை மட்டுமே.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எழுதப்பட்ட அளவுகோல் இல்லாவிட்டால் மேஸ்திரியின் விருப்பு வெறுப்பே தீர்ப்பாகிவிடும். தமிழ்நாட்டுக் கட்டுமானத் தளங்களில் பல ஆண்டுகள் சித்தாளாகவே வேலை செய்யும் பெண்கள், கரண்டி பிடிக்கத் தெரிந்தும், கொத்தனார் ஆவது அரிது. அவர்களுக்குப் பட்டியல் ஒரு காப்பு. அதைக் கைவிடச் சொல்வது அநீதி. ஆகவே பட்டியல் பயிற்சிக்கும் முறையீட்டுக்கும் அடிப்படையாக நிற்கட்டும். சான்று முழு வேலையைப் பார்த்து வழங்கப்படட்டும்.

இதன் நடைமுறை எளிது. பணிக்கு உயிரான இரண்டு மூன்று முழு வேலைகளை முதலில் தேர்ந்து, அவற்றிலிருந்து அளவுகோல்களைப் பிரிக்க வேண்டும். கொத்தனாருக்கு மூலையோடு கூடிய ஒரு சுவர் போதும்; பொருளில் ஒரு குறையை வேண்டுமென்றே வைத்து, அவர் சமாளிக்கும் விதத்தையும் காரணத்தையும் கேட்க வேண்டும். தூக்கு, மட்டம் போன்றவற்றில் தவறினால் வேறு மதிப்பெண் ஈடாகக் கூடாது. அத்தொழிலில் ஊறிய இருவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும்.

2015இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் முன்கற்றல் அங்கீகாரத்துக்கு இது மிகவும் தேவை. அங்கே நீண்ட பயிற்சி கிடையாது. ஏற்கெனவே கற்றதற்கே சான்று என்பதால், சோதனைதான் அதன் முழு ஆதாரம். அதற்குச் செலவு கூடும். ஒரு நாளில் சோதிக்கக்கூடியோர் எண்ணிக்கையும் குறையும். அதை ஏற்கத்தான் வேண்டும். ஒப்பந்தக்காரர் நம்பாத சான்றிதழால் தொழிலாளியின் கூலி உயராது. கூலியையும் பதவியையும் உயர்த்தாத அங்கீகாரத்தை எத்தனை பேருக்கு வழங்கினாலும், தொழிலாளிக்கு அரசு பட்ட கடன் தீராது.