காத்திருக்கும் நேரம் யார் கணக்கில்? கொங்கு நாட்டில் வேலை அளவீட்டின் வரலாறு

தொலைவிலிருந்து வேலை செய்யும் ஊழியரின் செயல்திறனை மதிப்பிடுவது 2020-க்குப் பின் எழுந்த புதிய சிக்கல் என்று பரவலாகக் கருதப்பட்டாலும், கொங்கு வட்டாரத்தின் தொழில் வரலாறு அதற்கு இடந்தருவதாக இல்லை. சென்னிமலை போன்ற கைத்தறி ஊர்களில் பாவு நூலையும் ஊடைநூலையும் கொடுத்தனுப்பி, நெய்து வந்த துணியைச் சரிபார்த்துக் கூலி தரும் முறை ஆலைகளுக்கு முன்பே வேரூன்றியிருந்தது. நெசவாளி எந்த நேரத்தில் தறியில் அமர்ந்தார் என்பது அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. பாவு வரத் தாமதமானாலும் மழைக்காலத்தில் நெசவு தடைப்பட்டாலும் இழப்பு நெசவாளிக் குடும்பத்தையே சேர்ந்ததால், அதைக் கணக்கிட வேண்டிய தேவையும் நூல் கொடுத்தவருக்கு எழவில்லை.

1888-இல் ஸ்டேன்ஸ் கோயம்புத்தூரில் நிறுவிய நூற்பாலையும், 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் பெருகிய ஆலைகளும் இந்த உறவைத் தலைகீழாக்கின. பெரும்பாலான பிரிவுகளில் கூலி நேரத்துக்கு உரியதாயிற்று. பெண்களே மிகுதியாக இருந்த, நூலைச் சுற்றும் வைண்டிங், ரீலிங் போன்ற பிரிவுகளில் உற்பத்தி அளவுக்கேற்ற கூலி தொடர்ந்தது. ஆளைச் சேர்ப்பது, வேலை வாங்குவது, திறமையைத் தீர்மானிப்பது ஆகிய மூன்றும் மேஸ்திரி ஒருவரின் கையில் இருந்தமையால், செயல்திறன் மதிப்பீடு என்பது நடைமுறையில் அவருடைய விருப்பு வெறுப்பாகவே இருந்தது. என். ஜி. ராமசாமி போன்றோர் கட்டிய தொழிற்சங்கங்கள் எதிர்கொண்ட அதிகாரங்களில் இதுவும் ஒன்று.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என வேலைநேரத்துக்கு வரம்பிட்டபின், எந்திரம் சும்மா நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் ஆலையின் செலவாகத் தெரியத் தொடங்கியது. 1956-இல் கோவையில் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், அதாவது ‘சிட்ரா’, ஆலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு 100 கிலோ நூல் உற்பத்திக்குத் தேவைப்படும் தொழிலாளர் நேரத்தை அளவுகோலாகப் பயன்படுத்தியது. நூலின் நயம், அதாவது கவுண்ட், ஆலைக்கு ஆலை வேறுபடுவதால், எல்லாவற்றையும் 40-ஆம் கவுண்டுக்குச் சமப்படுத்திய பிறகே ஒப்பீடு செய்யப்பட்டது. இழை அறுபட்டு உற்பத்தி குறைவதற்குப் பஞ்சின் தரமும் காற்றின் ஈரப்பதமும் எந்திரப் பராமரிப்பும் காரணமாகலாம் என்னும்போது, உற்பத்திக் குறைவு முழுவதையும் தொழிலாளியின் சோம்பலாக எழுதிவிட முடியாமற் போயிற்று. வட்டாரத்தின் தொழில் வரலாற்றில் மிக நேர்மையான அளவீட்டு முயற்சி இதுவே எனலாம். ஆயினும் அதே எண்களைக் காட்டி வேலைச்சுமையைக் கூட்டவும் இயலும் என்பதை மறுப்பதற்கில்லை.

பின்னலாடை நகரமான திருப்பூரில் போக்கு வேறாக அமைந்தது. பஞ்சப்படி கோரி 1984-இல் நடந்த 127 நாள் வேலைநிறுத்தத்துக்குப் பின்வந்த ஆண்டுகளில் ஒப்பந்தக்காரர் வழியான வேலையும், தைத்த உருப்படிக்குக் கூலி தரும் ‘பீஸ் ரேட்’ முறையும் விரிவடைந்தன. சோமனூர், பல்லடம் வட்டாரங்களிலோ சொந்த விசைத்தறி வைத்திருப்போர், ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு வாங்கிக் கூலிக்கு நெய்கின்றனர். மின்கட்டணமும் உதிரிபாகச் செலவும் அவர்களுடையவை. கூலி உயர்வுக்காக அவர்கள் மீண்டும் மீண்டும் தறிகளை நிறுத்துவதன் காரணம் இங்கேதான் உள்ளது.

கோவை விளாங்குறிச்சியின் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் 2010-இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவைச் சூழ்ந்து வளர்ந்த மென்பொருள் வேலை, ஆலையின் நேரக் கணக்கையும் தறியின் உருப்படிக் கணக்கையும் ஒருங்கே ஏற்றது; மாதச் சம்பளத்தோடு இலக்கும் மதிப்பெண்ணும் சேர்ந்தன. கொரோனா முடக்கத்தின்போது ஊழியர் வீட்டுக்குச் சென்றபின், முடித்த பணியை மட்டும் அளப்பதா, கணினி முன் இருக்கும் நேரத்தையும் மென்பொருள் கொண்டு கண்காணிப்பதா என்ற கேள்வி எழுந்தது. முன்னதை விடுதலையென்று போற்றுவோர் சோமனூர்த் தறிக்காரரைக் கருத்தில் கொள்வதில்லை. விளைவை மட்டும் அளக்கும் இடத்தில், மின்தடைக்கும் இணையத் தடைக்கும் மேலதிகாரியின் தாமதத்துக்கும் உரிய நேரம் ஊழியரின் தலையில் எளிதாக விழுந்துவிடுகிறது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கு 2022 ஜூலையில் வகுக்கப்பட்ட விதி, பொதுவாக 50 விழுக்காடு ஊழியர் வரை அதற்கு அனுமதித்ததோடு, கருவிகளையும் பாதுகாப்பான இணைய இணைப்பையும் நிறுவனமே தரவேண்டும் என்றது. பாவோடு தறியையும் முதலாளியே கொடுப்பதற்கு ஒப்பான ஏற்பாடு அது. எனினும், அந்த இணைப்பு அறுந்திருக்கும் நேரம் யாருடைய கணக்கு என்பதை வரையறுப்பது அவ்விதியின் நோக்கமாக இருக்கவில்லை.