முத்து, எண்ணெய், வெளிச்சம்: பஹ்ரைன் பந்தயத்தின் கதை

பஹ்ரைனில் பின்னேரம் 6 மணி என்றால் எங்கள் உடுப்பிட்டியில் இரவு 8.30. ஃபோர்முலா வன் பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். ஆனால் அந்த மின்விளக்குகளுக்குப் பின்னால் உள்ள வரலாறு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எண்ணெய் வரும் முன் பஹ்ரைனுக்குச் சோறு போட்டது முத்து. எங்கள் மன்னார்க் கடலில் 1906இல் நடந்த முத்துக்குளிப்பில் தமிழரோடு அரபிகளும் மூழ்கினார்கள். அதாவது அந்தக் கரைக்கும் எங்களுக்கும் உறவு பழையது. பிறகு ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்தது. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, தொழில் படுத்துவிட்டது.

1932இல் ஜெபல் துக்கான் அடிவாரத்தில் எண்ணெய் கிடைத்தது. வளைகுடாவின் அரபுக் கரையில் முதலாவது கண்டுபிடிப்பு அதுதான். ஆனால் அயல்நாடுகளோடு ஒப்பிட்டால் அந்த வளம் சிறியது. அது தீரும் முன் வேறு பிழைப்பு வேண்டும். அலுமினியம், வங்கி, உல்லாசப் பயணம் என்று தேடிய வரிசையில் வந்ததுதான் சாகிர் பாலைவனத்துப் பந்தயப் பாதை.

ஜேர்மனியரான ஹெர்மன் டில்கே வடிவமைத்த பாதை இது. நீளம் 5.412 கிலோமீற்றர், போட்டிக்கு 57 சுற்று. காற்றில் மணல் பறந்து பாதையில் விழுந்தால் சில்லுகள் வழுக்கும். அதனால் பாதையோர மணலில் பசைபோன்ற திரவத்தைத் தெளித்து இறுக்கினார்கள். 2004 ஏப்ரல் 4ஆம் திகதி மத்திய கிழக்கின் முதலாவது ஃபோர்முலா வன் போட்டி இங்கே நடந்தது. வென்றவர் மைக்கல் ஷூமாக்கர். மேடையில் ஷாம்பெயின் இல்லை, பன்னீர் கலந்த பானம்.

2010இல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் தன் முதலாவது ஃபோர்முலா வன் போட்டியை ஓடியதும் இங்குதான். பயிற்சி ஓட்டம் ஓடக்கூடக் கார் தயாராக இருக்கவில்லை. தகுதிச் சுற்றில்தான் முதன்முதலாக அதை ஓட்டினார். போட்டியின் இரண்டாவது சுற்றில் மோதி வெளியேறினார். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் இவரின் பாட்டனார். அந்தக் கிளப் போட்டி நடத்தியது சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுபாதையில்.

அடுத்த வருடம் போட்டியே இல்லை. 2011 பெப்ரவரி 14 முதல் மக்கள் உரிமை கேட்டு மனாமாவின் முத்துச் சதுக்கத்தில் கூடினார்கள். அங்கே பாய்மரங்கள் போன்ற ஆறு தூண்கள் ஒரு முத்தைத் தாங்கி நின்றன. கூட்டம் அடக்கப்பட்டது. மார்ச் 18இல் அரசு அந்தத் தூண்களையே இடித்தது. இடிக்கும்போது கிரேன் ஓட்டிய வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் தூண் விழுந்து இறந்தார்.

2012இல் போட்டி திரும்பவும் நடந்தது. முதல் நாள் ஆர்ப்பாட்டக்காரர் ஒருவரின் சடலம் கண்டெடுக்கப்பட்டது. அடுத்த நாள் கொடி அசைத்தார்கள், கார்கள் ஓடின. நாடு வழமைக்குத் திரும்பிவிட்டது என்று காட்ட ஒரு விளையாட்டுப் போட்டி எவ்வளவு உதவும் என்பதை வடக்கில் இருக்கும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

2014இல், பத்தாவது ஆண்டு நிறைவுக்குத்தான் மின்விளக்குகள் வந்தன. இரவில் வெயில் இல்லை, ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கும் நல்ல நேரம். அந்த முதல் இரவில் ஹமில்டனும் ரொஸ்பேர்க்கும் ஓடிய ஓட்டத்தை இன்றும் பேசுகிறார்கள். 2020இல் குரோஜான் எரியும் காருக்குள் 28 செக்கன் இருந்து உயிரோடு வந்ததும் இதே பாதையில்தான்.

பிள்ளைகள் பந்தயத்தைத் தாராளமாகப் பாருங்கள், நல்ல விளையாட்டு. பார்த்துவிட்டு வரைபடத்தில் முத்துச் சதுக்கத்தையும் ஒருமுறை தேடுங்கள். கிடைக்காது. அங்கே இப்போது அல் ஃபாரூக் சந்தி என்றுதான் பெயர்.

பஹ்ரைனில் வேலை செய்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த நாட்களில் நீங்கள் பார்த்ததைக் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.