தில்லை வட்டாரத்தில் திருப்பதியக் குழு: பாடகர் வாழ்க்கை வழியாக ஒரு வரலாற்று ஆய்வு

தேவார இசை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பண்களையும் பாடங்களையும் சுற்றியே நடந்துள்ளன. எந்தப் பண் எந்த இராகமாக வழங்குகிறது, எந்த ஏட்டில் எந்தப் பாடம் உள்ளது என்பன விரிவாகப் பேசப்பட்ட அளவுக்கு, பாடியவருக்குப் படியளந்தது யார், அவருக்குப் பின் அந்த இடத்துக்கு யார் வந்தார், அவர் தனித்துப் பாடினாரா குழுவாகப் பாடினாரா என்பன பேசப்படவில்லை. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கேள்விகளை எழுப்புகிறது இக்கட்டுரை. கோயிலில் குழுவாகப் பாடிய தொழில்முறைப் பாடகர் தனிக்குரலாகச் சுருங்கியதற்கு, இசையின் உள்மாற்றங்களைவிடப் பாடகரின் வாழ்வாதாரத்தில் நேர்ந்த மாற்றமே முதன்மைக் காரணம் என்பது இதன் கருத்து.

1. பாணர் குடும்பம்

இவ்வட்டாரத்துக்கும் தேவாரத்துக்கும் உள்ள உறவு பழையது. பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர், திருவதிகையில் சைவம் திரும்பினார். கல்லோடு கடலில் எறியப்பட்டவர் இன்றைய கடலூரின் பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது பெரியபுராணம். விருத்தாசலம் பக்கத்து எருக்கத்தம்புலியூர், அதாவது இன்றைய இராசேந்திரப்பட்டினம், திருநீலகண்ட யாழ்ப்பாணரின் ஊர். அவர் மனைவி மதங்கசூளாமணியுடன் ஞானசம்பந்தரைச் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று பதிகங்களை யாழில் இசைத்தார்.

புலவரும் பாணரும் விறலியும் சேர்ந்த இச்சிறு குழுவுக்கு நிலையான ஊதியம் இல்லை. கோயிலுக்குள் நிலையான இடமும் இல்லை. மதுரையில் பாணர் வாயிலில் நின்றே பாடினார், பின்னரே இறைவன் ஆணையால் உள்ளே அழைக்கப்பட்டார் என்கிறார் சேக்கிழார். திருவாரூரில் அவருக்காக வடதிசையில் வேறு வாயில் வகுக்கப்பட்டது என்றும் கூறுகிறார். பாட்டு கருவறைவரை செல்லலாம், பாடுபவர் எதுவரை செல்லலாம் என்ற வழக்கு, தேவாரத்தின் தொடக்கத்திலேயே நம் முன் நிற்கிறது.

உமாபதி சிவம் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறைகண்ட புராணமும் இந்தப் பாணர் மரபையே நாடுகிறது. தில்லையில் தேவார ஏடுகள் கிடைத்த பின் அவற்றுக்குப் பண் வகுக்க, எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் அழைத்துவரப்பட்டாள் என்பது அதன் கதை. இதை நேரடி வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இசையறிவு பாணர் குடியிடமும் பெண்ணிடமும் இருந்தது என்ற நினைவை, பிற்காலச் சைவ மரபும் மறைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

2. நெல் அளந்த காலம்

கோயிலில் திருப்பதியம் பாடுவோர்க்கு நிவந்தம் அளித்ததைக் கூறும் மிகப் பழைய கல்வெட்டுகளுள் ஒன்று, 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தைச் சேர்ந்த திருவல்லம் கல்வெட்டு. தொழில்முறைக் குழுவின் முழு வடிவம் தெரிவது தஞ்சைப் பெரிய கோயிலில்தான். முதலாம் இராசராசன் (985–1014) அங்கே திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, பிடாரர் எனப்பட்ட பாடகர் 48 பேரையும், உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவரையும் அமர்த்தினான். ஆளுக்கு நாள்தோறும் முக்குருணி நெல். அதை அளந்த மரக்காலின் பெயர் ‘ஆடவல்லான்’, தில்லைக் கூத்தனின் பெயர்.

கலத்துக்குப் பன்னிரண்டு குருணி என்று கொண்டு கணக்கிட்டால், ஒரு பாடகருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 90 கலம் வருகிறது. அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவர்க்கும் ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு 100 கலம் வகுக்கப்பட்டிருந்தது. ஆடலுக்கும் பாடலுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு இருந்தது என்று இதனால் கொள்ளலாம்.

ஊதிய அளவைவிட முக்கியமானது வாரிசு விதி. பாடகர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருடைய அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையெனில் குழுவில் எஞ்சியோர் தகுந்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்ப உரிமையையும் குரல் தகுதியையும் ஒருங்கே காக்க முயன்ற ஏற்பாடு இது. 48 என்ற எண் குறையாதிருக்க வழி செய்ததும் இதுவே.

குழுவில் இடம்பெற்றோர் ஒரே வகையினர் அல்லர். தஞ்சைப் பட்டியலில் ‘சிவன்’ என்று முடியும் தீட்சைப் பெயர்கள் மிகுதி. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கல்வெட்டோ, பதிகம் பாடப் பார்வையற்றோர் பதினாறு பேரையும் அவர்களுக்குக் கண்ணாக இருவரையும் அமர்த்திய செய்தியைத் தருகிறது. மனப்பாடமும் செவியுமே இத்தொழிலின் முதல் என்பதால், ஏடு படிக்க இயலாதவருக்கும் இங்கே பிழைக்க வழி இருந்தது. கோயில் மகளிரும் திருப்பதியம் பாடியதற்குக் கல்வெட்டுச் சான்றுகள் உண்டு.

தில்லையில் இவ்வமைப்புக்குத் துணை நின்றவன் மணவில் கூத்தன் காலிங்கராயன் எனப்படும் நரலோகவீரன். முதலாம் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோரின் படைத்தலைவனான இவன், மூவர் பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்ததையும் பதிகம் ஓத மண்டபம் எடுத்ததையும் சிதம்பரத்துச் செய்யுள் கல்வெட்டு கூறுகிறது. நெல், வாரிசு விதி, மண்டபம் ஆகிய மூன்றும் சோழர் காலக் குழுவைத் தாங்கின.

3. குழு கரைந்தது

அந்த மூன்றும் பின்னர் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 17ஆம் நூற்றாண்டில் போர் அச்சத்தால் நடராசர் திருமேனியே பல்லாண்டுகள் சிதம்பரத்தை விட்டு வெளியே இருந்தது. கருநாடகப் போர்களின்போது கோயில் மதில்கள் கோட்டையாகப் பயன்பட்டன. 1781இல் ஐதர் அலியின் படையினர் உள்ளிருக்க, ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். நித்திய பூசையே தடுமாறிய காலத்தில் ஐம்பது பேர் கொண்ட குழுவுக்கு இடமேது?

பயிற்சியையும் ஆதரவையும் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் மடங்கள் ஏற்றன. குருவுடன் தங்கி, பதிகங்களை நெட்டுருச் செய்து, ஒரு கோயிலுக்கு ஒருவராகச் செல்வது ஓதுவாரின் வாழ்க்கைமுறை ஆயிற்று. இசையும் இதற்கேற்ப அமைந்தது. தாளமின்றி நீட்டிப் பாடும் சுத்தாங்கம் தனிக்குரலுக்கு இயல்பாகப் பொருந்தியது. தாளத்தோடு பாடும் பண்ணாங்கத்துக்குக் கைத்தாளமே போதுமானதாயிற்று. சுத்தாங்கம் தனிக்குரலால் பிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. தனிக்குரல் நிலைத்தபோது அது மேலோங்கியது என்பதே பொருத்தம். ஊழிய மானியங்களையும் உள்ளடக்கிய சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்ததும், நிலத்தோடு இருந்த எஞ்சிய பிடிப்பும் தளர்ந்து ஓதுவார் மாதச் சம்பளக்காரரானார்.

4. கல்லூரி, திரை, பல்கலைக்கழகம்

1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது, சிதம்பரத்தில் பாடகருக்குக் கோயில் அல்லாத ஒரு வேலையிடம் கிடைத்தது. 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடும், 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும், அச்சங்கம் தொடங்கிய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களும் ஓதுவாரின் அறிவுக்குக் கல்விப்புல மதிப்பு அளித்தன.

எம்.எம். தண்டபாணி தேசிகர் (1908–1972) இம்மாற்றத்தின் தெளிவான எடுத்துக்காட்டு. திருச்செங்காட்டங்குடியில் பிறந்து தேவார மரபில் பயின்றவர், ‘பட்டினத்தார்’ (1936), ‘நந்தனார்’ (1942) படங்களில் நடித்துப் பாடினார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியரானார். கோயில், திரை, வகுப்பறை என மூன்று உலகங்கள் ஒரே வாழ்க்கையில் அடங்கின. ஆனால் இவ்வுலகங்கள் மூன்றும் தேடியது தனிப் பாடகரையே. கச்சேரி மேடையும் இசைத்தட்டும் பெயர் பெற்ற ஒரு குரலை வளர்த்தன. பெயரற்ற நாற்பத்தெட்டுக் குரல்களுக்கு அங்கே தேவை எழவில்லை.

5. மேடையும் உரிமையும்

பாணர் காலத்து வழக்கு நம் காலத்தில் புதிய வடிவில் எழுந்தது. குமுடிமூலையைச் சேர்ந்த சிவனடியார் ஆறுமுகசாமி, சிதம்பரம் நடராசர் கோயிலின் சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட உரிமை கோரினார். 2008 பிப்ரவரி இறுதியில் அரசாணை வந்தது. மார்ச் 2 அன்று காவல்துறைப் பாதுகாப்போடு அவர் பாடினார். வழிபாட்டு மரபு மீறப்படுகிறது என்பது பொது தீட்சிதர்களின் நிலைப்பாடு. கோயில் நிர்வாகம் தீட்சிதர்களிடமே இருக்க வேண்டும் என 2014இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனகசபையில் ஏறி வழிபடுவது குறித்து 2022இல் மீண்டும் அரசாணை வெளியானது. ஆறுமுகசாமி கோரியது சம்பளம் அன்று, நிற்க ஓர் இடம். ஓதுவார் பணியிலும் வாயில் விரிந்துள்ளது: 2021இல் அறநிலையத்துறை நியமித்த ஓதுவார்களில், சென்னையை அடுத்த மாடம்பாக்கம் கோயிலுக்கு ஒரு பெண் நியமிக்கப்பட்டார்.

முடிவுரை

சோழர் காலத்தில் குழுவாகப் பாடியவர் ஊதியம் பெற்ற தொழில்முறையினர். இன்று ஊதியம் பெறும் ஓதுவார் பெரும்பாலும் தனியர். குழுவாகப் பாடுவோர், திருவாசகத்தின் 658 பாடல்களையும் ஒரே நாளில் முற்றோதும் அன்பர்கள். ஆசிரியர், வணிகர், ஓய்வுபெற்றோர், இல்லத்தரசியர் எனப் பல தொழிலினர். பாட்டால் பிழைப்பவர் அல்லர். பக்தியோ பண்ணறிவோ குன்றியதால் குழு மறையவில்லை; படி, வாரிசு விதி, இடம் மூன்றும் ஒருங்கே அமையும் சூழல் மறைந்ததால் அது மறைந்தது. கோயிலுக்கு ஓர் ஓதுவார் என்ற நியமன முறை தனிக்குரலை மட்டுமே காக்கும். குழு இசை மீண்டும் தொழிலாக வேண்டுமெனில், பண் ஆராய்ச்சியோடு ஊதியப் பட்டியலும் திருத்தப்பட வேண்டும்.