பேரேட்டில் எழுதப்பட்ட பெயர்

தமிழில் 'நாணயம்' என்ற சொல் காசையும் குறிக்கும். வாக்குத் தவறாமையையும் குறிக்கும். ஒருவருடைய இரண்டாவது நாணயத்தை மூன்றாமவர் எழுதிவைத்து விற்கலாமா என்னும் வழக்கு, அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிட்டது.

1837-இன் நிதி நெருக்கடியில் நொடித்துப்போன நியூயார்க் பட்டு வணிகர் லூயிஸ் டப்பான், 1841-இல் 'மெர்க்கன்டைல் ஏஜென்சி'யைத் தொடங்கினார். அடிமை முறையை எதிர்த்துப் போராடியவர் இவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தொலைவூர்க் கடைக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாமா என்று உள்ளூர் வழக்கறிஞர்கள் எழுதியனுப்புவார்கள். அது பேரேட்டில் ஏறும். சந்தா கட்டிய வணிகருக்கு வாசித்துக் காட்டப்படும். ஊர்ப்பேச்சு இவ்வாறு விலைச்சரக்காயிற்று.

ஒஹாயோ மாநிலத்து நார்வாக் என்ற ஊரின் வணிகர் ஜான் பியர்ட்ஸ்லியைப் பற்றி 1848-இல் வந்த குறிப்பு, அவர் மனைவி மணவிலக்குக் கோரப்போவதாகவும் கடைக்கு ஆபத்து என்றும் சொன்னது. அவர் அவதூறு வழக்குத் தொடுத்தார். எழுதியனுப்பியவர் யார் என்று நீதிமன்றம் கேட்டபோது, நிறுவனப் பங்காளி பெஞ்சமின் டக்ளஸ் வாய் திறக்க மறுத்துச் சிறை சென்றார். நண்பன் நண்பனிடம் அந்தரங்கமாகச் சொல்வது போன்றதே இது என்பது நிறுவனத்தின் வாதம். குமாஸ்தாக்கள் அனைவரும் அறிந்தபின் அந்தரங்கம் ஏது என்றது கீழமை நீதிமன்றம். 1851-இல் ஜூரிகள் 10,000 டாலர் இழப்பீடு விதித்தனர். 1870-இல் உச்ச நீதிமன்றம் சாட்சிய நுட்பம் ஒன்றைக் காட்டி அத்தீர்ப்பை ரத்துசெய்தது. ஏறத்தாழ இருபதாண்டு அலைந்தவர் கையில் மிஞ்சியது ஒன்றுமில்லை.

1970-இல் நியாயமான கடன் அறிக்கைச் சட்டம் வந்தது. தன்னைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை அறியவும், மறுக்கவும், வழக்குத் தொடுக்கவும் குடிமகனுக்கு உரிமை கிடைத்தது. அதற்கு ஈடாக, உள்நோக்கம் நிரூபிக்கப்பட்டாலன்றி அவதூறு வழக்கிலிருந்து நிறுவனங்களுக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனாலும் சட்டம் பயனற்றுப் போகவில்லை. செயின்ட் லூயிஸ் பத்திரிகையாளர் மில்ஸ்டோன், தம்மைத் தோள்வரை முடி வளர்த்த ஹிப்பி என்றும் போதைப்பழக்கச் சந்தேகத்துக்குரியவர் என்றும் எழுதிய காப்பீட்டு அறிக்கைக்கு எதிராக வென்றார். ஒரேயொரு அண்டைவீட்டாரின் பேச்சே அதற்கு ஆதாரம்.

2011-இல் கலிபோர்னியாவில் கார் வாங்கச் சென்ற செர்ஜியோ ராமிரெஸை, பயங்கரவாதிகள் உள்ளிட்டோரின் அரசுப் பட்டியலில் இருப்பவராகக் கூறி விற்பனையாளர் மறுத்தார். டிரான்ஸ்யூனியன் நிறுவனம் பெயரை மட்டும் ஒப்பிட்டது. பிறந்த தேதியைப் பார்க்கவில்லை. கார் கடைசியில் மனைவி பெயரில் வாங்கப்பட்டது. அவரைப்போல் 8,185 பேர் வழக்கில் சேர்ந்திருந்தனர். 2021-இல் உச்ச நீதிமன்றம், யாருடைய அறிக்கை பிறருக்கு அனுப்பப்பட்டதோ அந்த 1,853 பேருக்கு மட்டுமே தவறான பதிவுக்காக இழப்பீடு கேட்க உரிமை உண்டு என்றது. எஞ்சிய 6,332 பேரின் கோப்புகள் வெளியே போகவில்லையாம். ஊழியர்கள் பார்த்தார்களே என்ற வாதமும் எழுந்தது. பியர்ட்ஸ்லி வழக்கின் குமாஸ்தாக்கள் நினைவுக்கு வருகிறார்கள். இம்முறை அது எடுபடவில்லை. ஐவர் அவ்வாறு முடிவெடுக்க, பழமைவாதியான கிளாரன்ஸ் தாமஸ் மூன்று தாராளவாத நீதிபதிகளுடன் சேர்ந்து மறுத்து எழுதினார்.