எலும்புப் படத்தில் எழுதிய இசை

ஓர் இசைத்தட்டை உருப்பெருக்குக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள். விளிம்பிலிருந்து நடுப்பகுதியை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு நீண்ட பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் சீராக ஓடுவதில்லை. பாம்பு ஊர்ந்த தடம்போல நெளிந்து செல்கிறது. அந்த நெளிவுதான் இசை. ஊசி அதில் ஓடும்போது அதிர்கிறது. அதிர்வு மின்னோட்டமாக மாறி, பெருக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் பாட்டாக வெளிப்படுகிறது. இதே நெளிவை இன்னொரு தட்டில் வெட்ட முடிந்தால், பாட்டுக்கு ஒரு நகல் கிடைத்துவிடும்.

உரிமையாளரின் அனுமதி பெற்று எடுத்தால் அது முறையான மறுபதிப்பு. பெறாமல் எடுத்தால் கள்ளப் பதிப்பு. கள்ளப் பதிப்பு என்றாலே ஒலி மோசமாகத்தான் இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். இது எந்த அளவுக்கு உண்மை? மேலைநாட்டு ராக் இசை அனுமதியின்றிப் பெருமளவில் நகலெடுக்கப்பட்ட ஒரு நாட்டின் வரலாற்றைக் கொண்டு இதற்கு விடை காண்போம். அந்த நாடு சோவியத் ஒன்றியம்.

விலா எலும்பின் மேல் ஒரு பாட்டு

இரண்டாம் உலகப் போர் 1945-ம் ஆண்டில் முடிந்தது. அதற்குப்பின் லெனின்கிராடு நகரின் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் ஸ்தானிஸ்லாவ் ஃபிலோ என்பவர் ஓர் ஒலிப்பதிவுக் கடை நடத்தினார். மக்கள் தங்கள் குரலை ஒரு சிறு தட்டில் பதிந்து, கடிதம்போல உறவினர்க்கு அனுப்பலாம். இதற்கு ஜெர்மானிய டெலிஃபுங்கன் நிறுவனத்தின் தட்டு வெட்டும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. கடை மூடிய பிறகு அதே இயந்திரம் வேறொரு வேலையும் செய்தது. அரசு விரும்பாத இசைக்கு, அதாவது அமெரிக்க ஜாஸுக்கும் நாட்டைவிட்டு வெளியேறிய ருஷ்யப் பாடகர்களின் பாட்டுக்கும், அது நகல் எடுத்தது.

இந்த இயந்திரத்தைக் கூர்ந்து கவனித்த ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கி என்ற இளைஞர், அதேபோன்ற ஒன்றைத் தாமே செய்துகொண்டார். போரிஸ் தாய்கின் என்ற நண்பருடன் சேர்ந்து "தங்க நாய்" என்ற பெயரில் ஒரு மறைமுக ஒலிப்பதிவுக் குழுவை அமைத்தார்.

பாட்டைப் பதிய எளிதில் கிடைக்கும் ஒரு பொருள் வேண்டும் அல்லவா? மருத்துவமனைகளில் பழைய எக்ஸ்ரே படங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை வாங்கி வட்டமாகக் கத்தரித்தார்கள். நடுவிலே எரியும் சிகரெட்டால் துளையிட்டார்கள். ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று நிமிடப் பாட்டு ஒன்றைப் பதிந்தார்கள். தட்டை வெளிச்சத்தில் பிடித்தால் யாரோ ஒருவரின் விலா எலும்பு தெரியும். ஆகவே மக்கள் இதை "விலா எலும்பு" என்றும் "எலும்பின் மேல் இசை" என்றும் அழைத்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் ராக் அண்ட் ரோல் இசை வந்தபோது, எல்விஸ் பிரெஸ்லியின் குரலும் இத்தகைய தட்டுகளின் வழியாகவே பல சோவியத் இளைஞர்களை அடைந்தது.

இதன் ஒலி எப்படி இருந்திருக்கும்? சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழன்றது. நடுவிலிருந்து 11 சென்டிமீட்டர் தொலைவில் ஊசியின் கீழே பள்ளம் விநாடிக்கு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் ஓடும். 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள உயர்ந்த ஒலிக்கு, ஒரு நெளிவின் நீளம் 0.09 மில்லிமீட்டர் ஆகிறது. பின்னாளில் வந்த நீண்டநேர இசைத்தட்டு நிமிடத்துக்கு 33 1/3 முறைதான் சுழல்கிறது. அதன் உட்பகுதியில், 6 சென்டிமீட்டர் தொலைவில், இதே ஒலியின் நெளிவு சுமார் 0.02 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஆகவே வேகத்தைப் பொறுத்தவரை எலும்புத் தட்டுக்குக் குறையில்லை.

குறை, பொருளில் இருந்தது. எக்ஸ்ரே படம் என்பது ஜெலட்டின் பூச்சுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள். அக்கால அரக்குத் தட்டைப்போல் அது கடினமானதன்று. மேற்பரப்பின் மேடுபள்ளம் அத்தனையும் ஊசிக்கு "இசை" தான். அதனால் பாட்டோடு ஓயாத இரைச்சலும் கேட்டது. மேலும், பழைய கிராமபோனின் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையுடன் எஃகு ஊசியை அழுத்தியது. மென்மையான பள்ளத்தில் முதலில் அழிவது மிக நுண்ணிய நெளிவுகளே, அதாவது உயர்ந்த ஒலிகளே. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் பாட்டின் தெளிவு ஒரு பகுதி தேய்ந்து போனது. சில தடவைகளில் தட்டின் ஆயுள் முடிந்தது.

பின் ஏன் கேட்டார்கள்? நம் செவியும் மூளையும் செய்யும் ஒரு விந்தையே காரணம். பழைய தொலைபேசிக் கம்பி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை மட்டும் கடத்தியது. எனினும் பேசுபவர் யார் என்று நமக்குத் தெரிந்தது, பேச்சும் புரிந்தது. பாட்டின் மெட்டும் தாளமும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. விட்டுப்போனதை மனம் நிரப்பிக்கொள்கிறது. எலும்புத் தட்டைக் கேட்டவர்கள் மெட்டையும் தாளத்தையும் பாடகரின் துடிப்பையும் பெற்றார்கள். இழந்தது சிம்பலின் மினுமினுப்பையும் மூச்சின் நுட்பத்தையும்.

இந்த இசைக்குக் கொடுக்கப்பட்ட விலை சிறிதன்று. 1950-ம் ஆண்டில் பகஸ்லோவ்ஸ்கியும் தாய்கினும் கைது செய்யப்பட்டுச் சிறைப்பட்டனர். 1953-ம் ஆண்டில் ஸ்டாலின் இறந்தபின் வந்த பொது மன்னிப்பில் வெளியே வந்தனர். பகஸ்லோவ்ஸ்கி மீண்டும் அதே தொழிலைத் தொடங்கினார்; மீண்டும் சிறை சென்றார்.

நாடா வந்தது

1960-களில் வீடுகளுக்கு ஒலிநாடாக் கருவிகள் வந்தன. எலும்புத் தட்டின் காலம் முடிந்தது. பீட்டில்ஸ் குழுவின் ஒரு வெளிநாட்டுத் தட்டு யாராவது ஒருவர் கைக்கு வந்தால் போதும். அவரிடமிருந்து நண்பர் நாடாவில் எடுப்பார், அவரிடமிருந்து மற்றொருவர் எடுப்பார். தட்டு வெட்டும் இயந்திரமும் வேண்டாம், விற்பவரும் வேண்டாம்.

நாடா எக்ஸ்ரே படத்தைவிடப் பன்மடங்கு சிறந்த பொருள். ஆயினும் இங்கே வேறொரு நோய் புகுந்தது. எலும்புத் தட்டு ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு நல்ல இசைத்தட்டிலிருந்து நேராக வெட்டப்பட்டது. அது முதல் தலைமுறை நகல். நாடாவோ நகலின் நகலின் நகலாக ஊர் சுற்றியது. ஜெராக்ஸ் எடுத்த தாளை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ஒலியிலும் அதுவே நடக்கிறது.

ஒவ்வொரு நாடாவுக்கும் தனக்கே உரிய ஓர் இரைச்சல் உண்டு. முதல் நகலில் இரைச்சலின் ஆற்றல் ஒரு பங்கு என்றால், இரண்டாவதில் இரண்டு பங்கு, பத்தாவதில் பத்துப் பங்கு. அதாவது 10 டெசிபல் உயர்வு. இது கூட்டல் கணக்கு. உயர்ந்த ஒலிகளின் இழப்போ பெருக்கல் கணக்கு. ஒவ்வொரு நகலும் உயர்ந்த ஒலிகளில் 80 சதவீதத்தை மட்டும் அடுத்ததற்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நகலில் 33 சதவீதம் மிஞ்சும். பத்தாம் நகலில் 11 சதவீதம். கூட்டு வட்டி கடனை வளர்ப்பதுபோல, கூட்டு இழப்பு இசையைத் தேய்க்கிறது. இதோடு, இரு கருவிகளின் வேகம் சற்று வேறுபட்டாலும் சுருதி மாறிவிடும். 6 சதவீத வேறுபாடு பாட்டை ஏறத்தாழ அரைச் சுரம் மேலோ கீழோ தள்ளிவிடும்.

ஆலையில் அச்சான தட்டு

சோவியத் அரசின் இசைத்தட்டு நிறுவனமான மெலோதியா 1964-ம் ஆண்டில் தோன்றியது. அதுவும் தொடக்கத்தில் மேலைநாட்டுப் பாட்டுகளை வெளியிட எப்போதும் அனுமதி கேட்டதில்லை. 1967-ம் ஆண்டில் பீட்டில்ஸின் "கேர்ள்" என்ற பாட்டை ஒரு தொகுப்புத் தட்டில் சேர்த்தபோது, இயற்றியவர் பெயரைப் போடாமல் அதை நாட்டுப்பாடல் என்று குறிப்பிட்டது. 1973-ம் ஆண்டில்தான் சோவியத் ஒன்றியம் அனைத்துலகப் பதிப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஒலிப்பதிவுகளைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கையில் ருஷ்யா சேர்ந்தது 1995-ம் ஆண்டில்.

இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டவர் ஆந்திரேய் திரப்பில்லோ. லெனின்கிராடில் சிறுவர் தொழில்நுட்ப மன்றம் ஒன்றின் ஒலிப்பதிவுக் கூடத்தில், அக்வாரியம், கினோ முதலிய ருஷ்ய ராக் குழுக்களின் பாட்டுகளைப் பதிந்து புகழ்பெற்றவர் அவர். 1980-களின் இறுதியில் மெலோதியாவின் லெனின்கிராடு ஒலிப்பதிவுக் கூடத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அவருடைய "அந்த்ரோப்" முத்திரையில் பீட்டில்ஸ், லெட் செப்பலின் போன்ற குழுக்களின் இசைத்தட்டுகள் உரிமையாளரின் அனுமதியின்றி வெளிவந்தன.

இவை விலா எலும்புகள் அல்ல. ஆலையில் முறைப்படி அச்சிட்ட வினைல் தட்டுகள். நகலின் நகலும் அல்ல. பொருளின் குறையும் இல்லை, தலைமுறைக் குறையும் பெரிதாக இல்லை. எனினும் அசல் தட்டின் ஒலிக்கு இவை ஈடாகவில்லை. ஏன்?

ஓர் அசல் தட்டு வெட்டப்படுவது மூலநாடாவிலிருந்து. பீட்டில்ஸின் மூலநாடாக்கள் லண்டனில் அவர்களது நிறுவனத்தின் காப்பறையில் இருந்தன. அனுமதி இல்லாதவருக்கு அந்தக் கதவு திறக்காது. அவருக்குக் கிடைப்பது கடைகளில் விற்ற பதிப்பு மட்டுமே. தட்டிலிருந்து எடுத்தால், அந்தத் தட்டின் கீறலும் உட்பகுதிப் பள்ளங்களின் மங்கலும் புதிய தட்டிலும் பதிந்துவிடும். சிடியிலிருந்து எடுத்தால், அந்தச் சிடியைத் தயாரித்தவர் செய்த நன்மை தீமைகள் அனைத்தும் கூடவே வரும். நகலெடுப்பவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், கையில் உள்ள மூலத்தில் இல்லாத ஒலியை நகலில் கொண்டுவர முடியாது.

மூலத்துக்கு மூலம்

மூலநாடாவே ஒரு நகலாக இருக்கக்கூடும் என்பது இன்னொரு வியப்பு. 1967-ம் ஆண்டில் "சார்ஜன்ட் பெப்பர்" தொகுப்பைப் பதிந்தபோது பீட்டில்ஸுக்குக் கிடைத்தவை நான்கு தடங்கள் கொண்ட நாடாக் கருவிகள். நான்கும் நிறைந்ததும், அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் ஓரிரு தடங்களில் ஏற்றி, மீதித் தடங்களில் மேலும் பாடினார்கள். அதாவது, உலகம் கேட்டு மகிழ்ந்த அந்த மூலத்துக்குள்ளேயே சில தலைமுறைகள் அடங்கியிருந்தன. 2017-ம் ஆண்டில், அதன் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின், கலப்பதற்கு முந்திய முதல் நாடாக்களுக்கே திரும்பிச் சென்று அத்தொகுப்பைப் புதிதாகக் கலந்து வெளியிட்டார். ஐம்பது ஆண்டு பழைய பாட்டு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. நாடாக்களை யாரோ எறியாமல் காத்து வைத்ததால் விளைந்த பயன் இது.

எல்லா மூலங்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2008-ம் ஆண்டு ஜூன் 1-ம் நாள் ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் மூண்ட தீயில் பல இசைக் கலைஞர்களின் மூலநாடாக்கள் எரிந்தன. அந்த இழப்பின் விரிவை உலகம் அறிந்தது 2019-ம் ஆண்டில்தான். பி.பி.சி. வானொலியோ 1960-களில் பீட்டில்ஸ் பாடிய நிகழ்ச்சிகள் பலவற்றின் நாடாக்களைத் தானே பாதுகாக்காமல் விட்டுவிட்டது. 1994-ம் ஆண்டில் அந்நிகழ்ச்சிகள் முறையான தொகுப்பாக வந்தபோது, சில பாட்டுகளுக்கு நேயர்கள் வீட்டில் வானொலியிலிருந்து பதிந்து வைத்திருந்த பதிவுகளை நாட வேண்டியிருந்தது. மூலம் மறைந்தபின், மிஞ்சிய நகலே மூலமாகிவிடுகிறது.

ஆக, நாம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அனுமதி என்பது நியாயத்தைப் பற்றியது. கலைஞனுக்கு உரிய கூலியைப் பற்றியது. அது வேண்டியதே. ஆனால் ஒலியின் தரத்தைத் தீர்மானிப்பவை மூன்று: எந்தப் பொருளில் பதிந்தார்கள், எத்தனையாவது தலைமுறை, எந்த மூலத்திலிருந்து எடுத்தார்கள். இன்றைய எண்முறைப் பதிவு முதல் இரண்டு குறைகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. சிடியில் ஒலி விநாடிக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகிறது; எண்களை ஆயிரம் முறை பிரதி எடுத்தாலும் அவை தேய்வதில்லை. மூன்றாவது குறை மட்டும் அப்படியே இருக்கிறது. தேய்ந்த தட்டை எண்ணாக மாற்றினால், தேய்மானமும் எண்ணாகி என்றென்றும் நிலைத்துவிடும். இரைச்சலை வடிகட்டப் புகுந்தால், உயர்ந்த ஒலிகளும் அதோடு போய்விடும்.

ஆகவே பழைய பாட்டின் புதிய பதிப்பு ஒன்று உங்கள் கைக்கு வரும்போது, உறையின் பளபளப்பைப் பார்ப்பதற்குமுன், இது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய ஒலிநாடா கிடந்தால், அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எறிந்துவிடாதீர்கள்.