இடுக்கண் என்னும் சொல்

தமிழில் துன்பத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அல்லல், இன்னல், இடர், இடும்பை, துயர் என அவை விரியும். இவற்றுள் இடுக்கண் என்னும் சொல் தனக்கென ஒரு காட்சியை உடையது. இடுங்கிய கண் என்பதே அதன் அடிப்பொருள் என்பர். துன்பம் மிகும்போது முகம் சுருங்கிக் கண் ஒடுங்குதல் மாந்தர் இயல்பு. உள்ளத்து நோவை உடலின் உறுப்பொன்றால் உணர்த்துவது இச்சொல்லின் சிறப்பாகும்.

திருக்குறளின் 63ஆம் அதிகாரம் ‘இடுக்கண் அழியாமை’. துன்பம் வந்துற்றபோது கலங்காது நிற்கும் உறுதி அங்கே பேசப்படுகிறது. இது துன்பப்படுவோனுக்குக் கூறிய அறிவுரை. அவனைக் காண்போனுக்கும் வள்ளுவர் ஒரு கடமை வகுத்தார். ஆடை நழுவும்போது விரைந்து சென்று காக்கும் கையைப் போல, நண்பனுக்கு நேர்ந்த இடுக்கணை அப்பொழுதே நீக்குவது நட்பு என்றார். ஆகவே, இடுக்கணைத் தாங்குதல் ஒன்று, களைதல் மற்றொன்று. கெடாத் தோட்டத் தமிழரின் வரலாறு இவ்விரண்டுக்கும் சான்றாக நிற்கிறது.

1941 டிசம்பரில் சப்பானியப் படை சயாம் எல்லையைக் கடந்து கெடாவினுள் புகுந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷாரின் அரண் சின்னாள்களில் உடைந்தது. தோட்டத் துரைமார் வெளியேறினர். ரப்பர் விற்பனை நின்றதால் பால்மரம் சீவுவோர் கூலி இழந்தனர். அரிசி அருகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. துணி கிடையாமையால் சாக்கை உடுத்தியோர் பலர். உடுக்கை இழத்தல் குறளில் உவமை. தோட்ட லயங்களிலோ அது கண்கூடு.

அந்நிலையில் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்கு ஆள் திரட்டப்பட்டது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். முதலில் ஆசை வார்த்தை, பின்னர் வலுக்கட்டாயம். பசியும் மலேரியாவும் காலராவும் பல்லாயிரவரை மாய்த்தன. மாண்ட போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் எழுந்தன. தமிழருள் பெரும்பாலோர் பெயரின்றியே காட்டில் புதைந்தனர். தாங்கும் உறுதி அவர்பால் இல்லாமலில்லை. களையும் கைதான் இல்லை.

போருக்குப்பின் வந்த இடுக்கண் வேறு வகையது. 1950களில் ஆங்கிலேய நிறுவனங்கள் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கினர். துண்டாடலால் வேலை போயிற்று. வேலையோடு குடியிருந்த வீடும் போயிற்று. இம்முறை களையும் கை தொழிலாளரிடமிருந்தே எழுந்தது. துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால்மரம் சீவுவோர் சிறுகச் சிறுகச் செலுத்திய பணம் தோட்டம் வாங்கும் முதலாயிற்று. அச்சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமே என்பது இம்மாநிலத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்று பல தோட்டங்களில் லயங்கள் இல்லை. அங்கு வாழ்ந்தோரின் மக்கள் சுங்கைப் பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களிற் குடியேறிவிட்டனர். இடுக்கண் அவர்க்குப் பாடநூற் சொல்லாகச் சுருங்கிவிடலாகாது. அழியாமையை மட்டும் பயிற்றிக் களைதலைப் பயிற்றாவிடின், அச்சொல்லின் பாதிப் பொருளையே இளையோர்க்குத் தந்தவராவோம். ஒடுங்கிய கண்ணைக் கண்டதும் நீளும் கையே மற்றப் பாதி.